வண்டிக்கு முன்னால் இறங்கிய கட்டை

என் எழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வரி எழுதுவதற்குள் அடுத்த வரி மறந்து போகிறது. மறந்தது சம்பந்தமில்லாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ரோடு வேலையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என் வீடு தேடி வந்து, தங்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது சொல்லச் சொன்னார்கள். "மலை ரோட்டுல முன்னாடி கேட்டு இருந்துச்சாமே ஆயா, நீங்கதான் தெறந்து வுடுவீங்களாமே" என்று கேட்டார்கள். நேரில் பேச வெட்கமாக இருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பேசியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். இப்போது பத்து நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேட் எதற்கு என்று முதலில் சொல்கிறேன். ஆலங்காயத்தை விட்டு ஜவ்வாது மலைமேல் ஏறும் ரோடு அப்போது ஒரே வண்டி அகலம்தான். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்னாலேயே போக வேண்டும். அந்த வளைவுகளில் பின்னால் போன வண்டிகள் சில, பள்ளத்தில்தான் போய் நின்றன. அதனால் அடிவாரத்தில் ஒரு கேட், மேலே ஒரு கேட் வைத்தார்கள். கேட் என்றால் நீளமான மூங்கில் தடுப்பு. ஒரு முனையில் கல் கட்டித் தொங்கும். மேலிருந்து வண்டிகள் இறங்கும்போது கீழ்க் கேட் மூடியிருக்கும். அவை இறங்கி முடிந்த பிறகுதான் கீழே நிற்கிறவை ஏறும்.

இறங்கி முடிந்தது என்று கீழே எப்படித் தெரியும்? போன் கிடையாது. அதற்குத்தான் கட்டை. முழங்கை நீளத்தில் சிவப்புச் சாயம் அடித்த வேங்கைமரக் கட்டை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வரிசையில் கடைசியாகப் போகிற வண்டிக்காரர் கையில் அதைக் கொடுத்து அனுப்புவோம். கட்டை கீழே வந்துவிட்டது என்றால் ரோடு காலி என்று அர்த்தம். கீழே நிற்கும் வண்டிகளை விடுவார்கள். அந்த வரிசையில் கடைசி வண்டி கட்டையைத் திரும்ப மேலே கொண்டு வரும். கட்டை கைக்கு வராமல் தடுப்பைத் தூக்கக் கூடாது. யார் வந்து ஹாரன் அடித்தாலும் தூக்கக் கூடாது. நடந்து போகிறவர்களுக்கும் பொதிமாடுகளுக்கும் மட்டும் இந்தச் சட்டம் இல்லை.

எனக்கு மேல் கேட். அந்த வேலை என் வீட்டுக்காரர் செத்ததால் வந்தது. மழையில் ரோட்டில் சரிந்த மண்ணை அள்ளப் போனவர் அவர். அள்ளிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சரிவு வந்து விழுந்தது. அதற்குமேல் அதை எழுத எனக்கு வராது. முதலில் என்னை ஜல்லி உடைக்க வைத்தார்கள். பிறகு கொடி பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு கேட்டில் நிறுத்தினார்கள்.

அந்த இடத்தில் எனக்குப் பயமில்லாத நாளே கிடையாது. விடிந்ததும் தடுப்புக்கு அருகில் கரடி மண்ணைப் பறித்துப் போட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் பள்ளத்திலிருந்து எழும்பி வந்தால் நீட்டின கை தெரியாது. இதெல்லாம்கூட பழகிப் போயிற்று. ஒரு பயம் மட்டும் பழகவில்லை. தடுப்பைத் தூக்கி ஒரு வண்டியை விடும்போதெல்லாம், நாம் கண்ணால் பார்க்காத ரோட்டுக்குள் ஆட்களை அனுப்புகிறோமே என்றே தோன்றும். கட்டை கீழே சேர்ந்து, எதிர் வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன்.

எங்களுக்கு மேலே ஓவர்சீயர் ஐயா. வாணியம்பாடி முஸ்லிம். தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, வியாபாரம் பிடிக்காமல் ரோட்டு வேலைக்கு வந்தவர் என்று பேசிக்கொள்வார்கள். மலை ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வருவார். சைக்கிள் கம்பியில் குடை கட்டியிருக்கும். வந்ததும் உட்கார மாட்டார். முதலில் தடுப்பில் தொங்கும் கல்லின் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். பிறகு என் எதிரே நின்று, "கட்டை எங்கே?" என்று கேட்பார். கட்டை என் கையிலேயே இருக்கும். அவர் கண்ணுக்கும் தெரியும். ஆனாலும் நான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

"என் கையில இருக்குதுங்க" என்பேன். எனக்கே கேட்காது.

அவர் காதில் கையை வைத்துக்கொள்வார். "காத்துல போயிடுச்சும்மா. இன்னொரு தபா."

அங்கே ஜல்லி உடைக்கும் காளியம்மா அக்கா சிரிப்பார். "அவ வாய்க்கும் ஒரு கேட்டு போட்டுக்கீறாங்க சாமி. கட்டை வந்தாத்தான் தொறக்கும்."

ஐயா சிரிக்க மாட்டார். "கண்ணால பார்த்தது மறந்துடும். வாயால சொன்னது மறக்காது" என்பார். சொல்லி முடிக்கும் வரைக்கும் நகர மாட்டார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் வருகிற நாளில் என் கை வியர்த்து, கட்டையின் சாயம் உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை உண்டு. அந்த ரோட்டின் மேல் அவருக்கு அவ்வளவு பெருமை. மேலிருந்து ஆறாவது வளைவில் நின்றால் அடிவாரம் முழுக்க தெரியும். ஏரிகள் வரிசையாகத் தெரியும். அந்தப் பக்கம் ஏலகிரி மலை தெரியும். வெளியூர்க்காரர்கள் யார் வந்தாலும் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்வார். தான் கட்டின வீட்டைக் காட்டுகிற மாதிரி முகம் மலர்ந்துவிடும்.

அந்த நாள் நடந்தது காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் கூடம் வருவதற்குச் சில வருஷம் முன்னால். ஐப்பசி மாதம். காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். ஒரு கறுப்பு கார் மேலேயிருந்து இறங்கி வந்து கேட்டில் நின்றது. கூரையில் பெட்டிகளும் படுக்கையும் கட்டியிருந்தன. வண்டியே தெரியாத அளவுக்குப் பல ஊர்ப் புழுதி. ஓட்டி வந்தவர் கண்ணாடி போட்ட ஓர் ஆள். பக்கத்தில் அவர் சம்சாரம். பின்னால் அஞ்சு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை, மஞ்சள் கவுன் போட்டிருந்தது. கல்கத்தாவிலிருந்து காரிலேயே கன்னியாகுமரி வரைக்கும் போகிறார்களாம். வாணியம்பாடியில் பெரிய ரோட்டை விட்டுத் திரும்பி, மலை பார்க்க ஏறி, பங்களாவில் தங்கிவிட்டு இறங்குகிறார்கள்.

ஓவர்சீயர் ஐயா அன்று கேட்டில் இருந்தார். உருதுவில் பேச ஆள் கிடைத்ததும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர்கள் சொல்வதையெல்லாம் எங்களுக்கும் திருப்பிச் சொன்னார். "தாஜ்மஹால் பார்த்துட்டு வர்றாங்க. ஐதராபாத்ல சார்மினார் ஏறிப் பார்த்தாங்களாம். இன்னும் மதுரை, ராமேஸ்வரம் எல்லாம் போவாங்க."

"அதெல்லாம் பார்த்துட்டு நம்ம சாமைக் கொல்லையைப் பார்க்கவா வந்தாங்க?" என்றார் காளியம்மா அக்கா.

"நம்ம ரோட்டுலயும் பார்க்கறதுக்கு இடம் இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, ஐயா ஆறாவது வளைவைப் பற்றி அவர்களிடம் கை நீட்டிச் சொன்னார். வளைவிலேயே நிறுத்தக் கூடாது, தாண்டினால் அகலமான இடம் இருக்கிறது, அங்கேதான் நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார். அதை எங்களுக்கும் தமிழில் சொன்னார். அதனால்தான் எனக்குத் தெரியும்.

அவர்களுக்கு முன்னால் இரண்டு மர லாரிகளை விட்டிருந்தேன். கார்தான் கடைசி. கட்டையை நீட்டினேன். அந்த ஆள் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார். குழந்தை அதைத் தொட்டுப் பார்த்தது. இது கீழ்க் கேட்டில் போய்ச் சேர வேண்டும், சேர்ந்தால்தான் அங்கே காத்திருக்கும் ஜனங்கள் மேலே வர முடியும் என்று ஐயா விளக்கினார். அவரும் தலையை ஆட்டினார். கார் போயிற்று. ஐயாவும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மேலே ஒரு பாலத்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எங்கள் ஊர் சின்னாண்டி மாமா சாமை மூட்டை ஏற்றின பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினார். ஆலங்காயம் மண்டிக்குப் போகிறார்.

"இன்னா மாமா, மாடு முன்னால போவுது, நீ பின்னால வர்ற?" என்று அக்கா கேட்டார்.

"அதுக்கு வழி தெரியும். எனக்கு மண்டி தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மூட்டம் ஏறியது. கீழே ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து பஸ் ஹாரன் கேட்டது. அப்போது எங்கள் மலைக்கு ஒரே பஸ். ஏழுமலை அண்ணன் ஓட்டுவார். ஒவ்வொரு வளைவுக்கும் ரப்பர் ஹாரனை அமுக்குவார். பஸ் ஏறுகிறது என்றால் கட்டை கீழே போய்விட்டது, கார் பத்திரமாக இறங்கிவிட்டது. தண்ணீர் குடிக்கக் குடத்தைச் சாய்த்தேன்.

அந்த நேரம் மூட்டம் ஓர் இடத்தில் கிழிந்தது. கேட்டிலிருந்து நேர் கீழே ரோட்டின் ஒரு துண்டு தெரிந்தது. ஆறாவது வளைவு. அதில் கறுப்பு கார் நின்றுகொண்டிருந்தது.

அகலமான இடத்தில் இல்லை. வளைவின் மூக்கிலேயே நின்றது. மூட்டத்தில் இடம் தெரியாமல் நிறுத்திவிட்டார்கள் போல. அந்த அம்மாள் ஓரக்கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு மூட்டம் முழுசாக விலகக் காத்து நின்றார். மஞ்சள் கவுன் நடு ரோட்டில் குந்திக்கொண்டு கல் பொறுக்கியது.

கீழேயிருந்து மறுபடி ஹாரன் கேட்டது. ஒரு வளைவு நெருங்கியிருந்தது.

"அக்கா" என்றேன். கையை மட்டும் நீட்டினேன். அக்கா பார்த்தார். அவருக்கு மலை அதிரும் குரல். "ஏய், ஏய், வண்டிய எடு, பஸ்ஸு வருது" என்று கத்தினார். கீழே அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். குழந்தையும் ஆட்டியது.

கேட்டிலிருந்து ஆறாவது வளைவுக்கு நெட்டுக்குத்தாக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. மண் சரியும் பக்கம் அது. என் வீட்டுக்காரர் மண்ணுக்குள் போனதும் அந்தப் பக்கம்தான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் அதில் கால் வைத்ததில்லை. சிவப்புக் கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு அதில் இறங்கினேன். இறங்கினேன் என்று எழுதுகிறேன், பாதி தூரம் உருண்டேன். உண்ணிச்செடி முள் கையெல்லாம் கிழித்தது. மூட்டம் திரும்ப மூடிக்கொண்டது. எங்கே போகிறேன் என்றே தெரியவில்லை. ஹாரன் ஒரு தடவை இடது பக்கம் கேட்டது, அடுத்த தடவை வலது பக்கம் கேட்டது. மலையில் சத்தத்துக்கு இடம் கிடையாது. பஸ் என்னைத் தாண்டிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

கடைசியில் ரோட்டில் போய் விழுந்தேன். கார் எனக்கு முன்னால் நின்றது. தலைமயிர் அவிழ்ந்து, கையெல்லாம் ரத்தம், இடுப்பில் சிவப்புத் துணி. நான் என்ன கத்தினேனோ எனக்குத் தெரியாது. சத்தம் வந்தது, அவ்வளவுதான் தெரியும்.

அவர்கள் என்ன நினைத்தார்களோ, கரடி துரத்துகிறது என்று நினைத்தார்களோ, நான்தான் பைத்தியம் என்று நினைத்தார்களோ. அந்த அம்மாள் அலறிக்கொண்டு குழந்தையை வாரி எடுத்தாள். மூன்று பேரும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கண்ணாடியையும் ஏற்றிவிட்டார்கள்.

எந்த இடத்தில் இருக்கக் கூடாதோ அந்த இடத்தில் போய்ப் பூட்டிக்கொண்டார்கள். நான் கண்ணாடியைத் தட்டினேன். "எறங்குங்க, எறங்குங்க" என்று கும்பிட்டேன். தட்டத் தட்ட அந்த ஆள் உள்ளேயிருந்து கதவை இழுத்துப் பிடித்தார். குழந்தை என்னைப் பார்த்து வீரிட்டது. என்னால்தான் அவர்கள் இறங்கவில்லை என்று புரிந்தது. அதனால் அவர்களை விட்டுவிட்டேன். காரைத் தாண்டி, வளைவைச் சுற்றி, கீழ்ப்பக்கமாக ஓடினேன்.

அந்த அகலமான இடம் வந்தது. அங்கே நடு ரோட்டில் நின்று கொடியை விரித்தேன். எஞ்சின் முனகுகிற சத்தம் காலுக்கடியில் தெரிந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் விளக்கு இரண்டும் வந்தன. பிறகு பஸ்ஸின் மூஞ்சி முழுக்க ஒரேயடியாக வந்தது. ஓடிவிடு என்று கால் சொல்கிறது, நகரவும் மாட்டேன் என்கிறது. பிரேக் கிறீச்சிட்டது. ஈரத்தில் சக்கரம் கொஞ்சம் வழுக்கியது. பஸ்ஸின் சூடு என் முகத்தில் அடித்து நின்றது.

"ஏ பொம்பள, சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா ஒனக்கு?" என்று ஏழுமலை அண்ணன் குதித்து இறங்கினார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "பச்ச, நீயா? இன்னா ஆச்சு?"

வளைவைக் காட்டினேன். அவர் நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்து ஓரக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். பீடி எடுத்தார். பற்ற வைக்காமலே காதில் செருகிக்கொண்டார். "எங்க வூட்ல சொல்லாதடா" என்று கண்டக்டரிடம் சொன்னார். பஸ்ஸில் பள்ளிக்கூட வாத்தியார், வாரச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் என்று நிறைய ஜனம்.

பஸ்ஸை அகலமான இடத்தில் ஒதுக்கினார்கள். வாணியம்பாடி வியாபாரி ஒருவர் காருக்குப் போய் உருதுவில் பேசினார். அந்த ஆள் இறங்கி வந்து பஸ்ஸைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பாஷை புரியவில்லை. முள் கிழித்த கையை அவள் இறுக்கிப் பிடித்தபோது வலியில் உயிர் போயிற்று. ஆனாலும் நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கட்டை என்ன ஆயிற்று என்று வியாபாரிதான் கேட்டுச் சொன்னார். "மூட்டம் வெலகற வரைக்கும் நின்னு பார்க்கணும்னு நெனைச்சாராம். நாம பார்க்கறதுக்காகக் கீழே ஜனங்க ஏன் காத்து நிக்கணும்னு, அந்தப் பக்கம் வந்த மாட்டுக்காரர்கிட்ட கட்டையைக் குடுத்து அனுப்பிட்டாராம்."

மறுநாள் ஓவர்சீயர் ஐயா விசாரிக்க வந்தார். ஆபீசுக்குக் கூப்பிடவில்லை. எங்களை எல்லாம் ரோட்டிலேயே நடத்திக் கூட்டிப் போனார். எங்கே யார் நின்றார்களோ அங்கே அவரவரை நிற்க வைத்துக் கேட்டார்.

சின்னாண்டி மாமா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வழியில எவன் எது குடுத்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்கறதுதானுங்க எங்க மலைப் பழக்கம். அவசரம்னு கையைக் காட்னாரு. அதான் ரோட்ட வுட்டுட்டு குறுக்குல எறங்கி ஓட்டமா போய்க் குடுத்தேன்."

கீழ்க் கேட் சுந்தரம் அண்ணன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். விறைப்பாக நின்றார். "கட்டை வந்துச்சு. தடுப்பத் தூக்குனேன். யார் கையில வரணும்னு சட்டத்துல இல்லீங்க."

என்னிடம் ஐயா கேட்டது வேறு. "நீ எங்கேயிருந்து கத்தினே? அங்கே நில்லு. அதே மாதிரி கத்து. பஸ்ஸு வர்ற எடத்துக்குக் கேக்குதான்னு நான் போய் நின்னு பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு வளைவைத் தாண்டிப் போனார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தேன். காற்றுதான் வந்தது. வெகு நேரம் காத்திருந்துவிட்டு அவர் திரும்பி வந்தார். இன்னொரு தபா என்று சொல்லவில்லை. காதில் கையும் வைக்கவில்லை. "சரிம்மா, வேணாம்" என்றார்.

பிறகு ஓரக்கல்லில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"கார்க்காரரு மத்தவங்களுக்காகப் பார்த்தாரு. இவரு நாணயமா சேர்த்தாரு. சுந்தரம் சட்டப்படி தூக்கினான். யாருமே தப்பு பண்ணல" என்றார். "தப்பு பண்ணவன் ஒருத்தன் இருந்தா அவனை மாத்திடலாம். இதுக்கு இன்னா பண்றது?" பள்ளத்துப் பக்கம் கையைக் காட்டினார். "இந்த எடத்தைப் பாருங்கன்னு சொன்னதும் நான்தான்."



அதற்கப்புறம் கட்டையில் துளை போட்டு இரும்புச் சங்கிலி கோத்தார்கள். கடைசி வண்டியின் முன்பக்க இரும்பில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டு அனுப்புவோம். மேலே பூட்டுகிற பூட்டுக்குச் சாவி கீழே, கீழே பூட்டுகிற பூட்டுக்குச் சாவி மேலே. வண்டி வராமல் கட்டை வர முடியாது. வண்டிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஐயா ஒருவருக்கும் விலக்குக் கொடுக்கவில்லை.

அவரிடம் ஒரு மாற்றம் மட்டும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வெளியூர்க் கார்கள் பிறகும் வந்தன. இறங்கும்போது, வழியில் பார்க்க ஏதாவது இடம் உண்டா என்று கேட்பார்கள். ஐயா பள்ளத்துப் பக்கம் திரும்பவே மாட்டார். "ஒண்ணும் இல்லீங்க. நேரா போய்ட்டே இருங்க" என்பார். அவர் மாற்றலாகிப் போகிற வரைக்கும் அப்படித்தான் சொன்னார்.

பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள், கேட் போயிற்று. நான் ரோடு கேங்கில் வேலை செய்து ரிட்டையரானேன். அந்த வேலையெல்லாம் எழுதினால் நீளும்.

இப்போது அதே வளைவில் கம்பி கட்டி, ஜனங்கள் நின்று படம் பிடிக்க மேடை போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். போடட்டும். அழகான இடம்தான், ஐயா சொன்னது பொய்யில்லை. ஆனால் நான் எழுதினதில் பிசகு இருக்கலாம். நாங்கள் வளைவை மேலேயிருந்து எண்ணினோம், இப்போது கீழேயிருந்து நம்பர் போட்டிருக்கிறார்களாம். அகலமான இடம் வளைவுக்குக் கீழ்ப்பக்கம் என்று எழுதினேனே, அதுவும் சரிதானா என்று பாருங்கள். இந்த வேலையில் இருக்கிற யாராவது ஒருவர் தயவுசெய்து நேரில் போங்கள். வெயில் நாளில் வேண்டாம். மூட்டம் இருக்கிற நாளில் போய், மேடை வரப்போகிற இடத்தில் ஓர் ஆளை நிற்க வையுங்கள். நீங்கள் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீழேயிருந்து வாருங்கள். பஸ் எவ்வளவு கிட்டே வந்த பிறகு அந்த ஆள் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறார் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு மேடை போடுங்கள்.